சட்டம் மூணு மாசம்னு சொல்லுது. நீங்க எத்தனை மாசம் அட்வான்ஸ் கொடுத்தீங்க?

தோழர்களே,

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுறவங்க முதல்ல பயப்படுறது வாடகைக்கு இல்ல, அட்வான்ஸுக்கு. "பத்து மாசம்" என்று புரோக்கர் சாதாரணமா சொல்லிடுவார். 10,000 ரூபாய் வாடகைக்கு ஒரு லட்சம். அதை மூணு வட்டிக்கு வாங்கினால் மாசம் 3,000 வட்டிக்கே போகுது. அப்போ அந்த வீட்டின் உண்மையான வாடகை 13,000! காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தருவாங்க. அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரமும் சப் மீட்டரில் குடியிருக்கும் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து சேருவதே இல்லை.

இதுக்குச் சட்டம் இல்லையா? இருக்கு. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது பொருந்தாதாம்! பிள்ளைக்கு ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வீடு கிடைக்கணும் என்று அலையுறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? அந்த ஒரு வரியை நீக்கு என்பதுதான் நமது முதல் கோரிக்கை.

ஒன்றைச் சொல்லிடணும். மாடி போர்ஷன் வாடகையில் மருந்து வாங்கும், பென்ஷன் இல்லாத அம்மா நமக்கு எதிரி இல்லை. ஏழைக்கு வாடகை வீடு தர வேண்டிய அரசு ஒதுங்கிக்கொண்டதால்தான் மொத்தச் சுமையும் அவங்க வாசலில் வந்து நிற்குது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கினாங்க. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இடையில் நடந்தது என்ன? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். மந்தைவெளியில் நாலு வீட்டு வேலை பார்த்தவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது, வேலை போனது. மறுபடி நகருக்குள் வாடகைக்கு வந்தவங்களும் இருக்காங்க, அதே பத்து மாச அட்வான்ஸோடு.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024-ல் திறந்தாங்க. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் நடக்குது. நல்லது, வரவேற்கிறோம். கம்பெனிக்கு ஆள் தேவை என்றால் கட்டிடம் எழும்புது. மாநகராட்சியில் குப்பை அள்ளும் தொழிலாளி, குடும்பத்தோடு வாடகைக்குத் தங்க அதே மாதிரி ஒரு கட்டிடம் எங்கே?

வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, அங்கே இருப்பவர்களின் வீடுகள் போக, கூடுதல் மாடிகளைக் கட்டி வாடகை வீடுகளாக அரசே வைத்துக்கொள்ள வேண்டும். வருமானத்தைப் பார்த்து வாடகை வைக்கணும். எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது.

அதுவரை நீங்க செய்ய வேண்டியது: 11 மாத அக்ரிமென்ட்டாக இருந்தாலும் எழுத்தில் வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணச் சொல்லுங்க. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீங்க. வங்கி வழியாக அனுப்புங்க. திருப்பித் தராமல் இழுத்தடித்தால் அக்ரிமென்ட் நகலோடு உங்கள் பகுதிக் கட்சி அலுவலகத்துக்கு வாங்க, மனு எழுத நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் இருக்காங்க.