குண்டு விழுந்த தூரம்

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை எது? பீரங்கியை நாலா பக்கமும் திருப்பிச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். அதற்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வன்முறை மனிதனின் ரத்தத்திலேயே ஊறியது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த மண்ணில் கோடு கிழித்தவர் ஒருவர், செத்தவர் இன்னொருவர். தில்லை நடராசர் கோயிலையே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐதர் அலியும் மாறி மாறிக் கோட்டையாக்கினார்கள். 1783 ஜனவரியில் பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டாயிற்று. அந்தச் செய்தி கப்பலேறி வந்து சேர்வதற்குள், ஜூன் மாதம் கடலூர் மதிலுக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் வெட்டுண்டும் சுடப்பட்டும் விழுந்தார்கள். முடிந்துபோன சண்டைக்காக உயிரை விட்டவர்களில் நம் சிப்பாய்களும் உண்டு.

பீரங்கிகள் போய்விட்டன. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிழித்த கோடு அவற்றுக்கு முன்பே இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை அழிக்கத்தான் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார்.

2003-இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் அந்தச் சாதிக் கோட்டைத் தாண்டி ஒரு தலித் இளைஞரும் வன்னியப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இளைஞர் பொறியியல் படித்தவர். ஜூலை மாதம் பெண்ணின் வீட்டார் இருவர் வாயிலும் விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. காவல்துறையோ, செத்தவரின் உறவினர்களையும் சேர்த்தே குற்றவாளிகளாக்கியது. சிபிஐ விசாரித்த பிறகு, 2021-இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறையினர்.

கொன்ற கைகளைவிட, புகாரை வாங்க மறுக்கும் கைகளே எனக்கு அதிகம் அச்சமூட்டுகின்றன. தண்டனை வராது என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்பவர்கள், புகாரைப் புறக்கணிக்கும் அதிகாரியைத் தண்டிக்கும் பிரிவையும் அதில் கேளுங்கள். நீதிக்காகப் பதினெட்டு ஆண்டு இன்னொரு குடும்பம் காத்திருக்கக் கூடாது.