விபத்து குறைஞ்சிருக்காம்!

சாகாமத்து வட்டையில் மருந்தடிக்கப் போன ஒருவர் மத்தியான வெயிலில் மயங்கி வரம்பில் விழுகிறார் எண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது வேலைத்தல விபத்தா? நீங்களும் நாங்களும் ஓம் எண்டுதான் சொல்லுவோம். ஆனால் வேலைத்தல விபத்து எண்டு அரசாங்கம் எழுதி வைக்கிற கணக்கில் அவர் இருக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நோயாளி. போகாவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் விபத்து குறையுது, நிலைமை நல்லாகுது எண்டு யாராவது இறங்கிப்போகிற கோடு ஒன்றைக் காட்டினால், கைதட்ட முதல் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கு: யாருடைய விபத்து?

இலங்கையில் விபத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கட்டாயம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஒரு தொழிலாளி செத்தால், அல்லது மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனால் அறிவிக்கவேண்டும். பெயரிலேயே விசயம் இருக்கு. தொழிற்சாலை. நெல்லுக் குத்துகிற மில் அதற்குள் வரும். அந்த நெல்லை விளைவித்த ஆள் வரமாட்டார். கல்முனையில் வள்ளம் தள்ளுகிறவர் வரமாட்டார். மருதமுனையில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு, முதுகு வளைந்து போன ராத்தாவும் வரமாட்டா. கட்டட வேலையைச் சட்டம் தொட்டாலும், மூன்று பேரை வைத்து வீடு கட்டுகிற மேசன் பாஸ் விபத்து அறிவித்தல் படிவம் நிரப்பியதை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

ஒரு கோடு மூன்று காரணத்தால் இறங்கலாம். வேலை உண்மையிலேயே பாதுகாப்பாகியிருக்கலாம். வேலையே சுருங்கியிருக்கலாம், மெசின் ஓடாத நாளில் கை அகப்படாதுதானே. அல்லது யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். மேடையில் ஏறுவது எப்பவும் முதலாவது காரணம் மட்டும்தான்.

நோய்க்கு வந்தால் இன்னும் மோசம். சர்வதேச தொழில் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தில் வருசத்துக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் வேலையால் சாகிறார்கள். அதில் விபத்தில் போகிறவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 26 லட்சமும் நோய். விபத்தையே ஒழுங்காய் எழுதாத நாட்டில் நோயை யார் எழுதப் போகிறார்?

எலிக்காய்ச்சலை எடுங்கள். எலியின் மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில், வெடித்த காலோடு நிற்கிறவருக்கு வருகிற நோய். ஈரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் சந்தேக நோயாளிகளாய்ப் பதியப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் செத்தார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இது பெயர் சொல்லி இருக்கிறது. நம்முடைய தொற்றுநோய்ப் பிரிவு கிழமைக்குக் கிழமை அறிக்கை போடுகிறது. அதில் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியாக ஒரு வரி. எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் எண்டு இலக்கம் இருக்கும். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டவணையில் அவர் யாருடைய வயலில் இறங்கினார், கூலிக்கா சொந்தக் காணிக்கா எண்டு ஒன்றும் இல்லை. சுகாதாரப் பக்கத்துக்கு அது ஒரு காய்ச்சல். தொழில் பக்கத்துக்கு அப்படி ஒரு ஆளே இல்லை.

இதைத் தடுக்க வழி தெரியாமலும் இல்லை. வயலில் இறங்கமுதல் தொடங்கி, கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காசில்லாமல் கொடுப்பார்கள். ஆனால் அதை எடுக்கப் பணிமனைக்குப் போனால் அரை நாள் கூலி போகும். அந்த அரை நாளை எந்தப் போடியார் கொடுப்பார்? "குளிசை இருக்கே, எடுக்காதது அவங்கட பிழை" எண்டு சொல்லுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

நட்டஈட்டுக்கும் சட்டம் இருக்கு. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தி, உச்சத் தொகையை 20 லட்சமாக்கினார்கள். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நடக்கிற விபத்தையும் சேர்த்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாய்த் தெரிய ஒன்று, இரண்டு கிழமை ஆகும். அதற்குள் நாள்கூலிக்காரர் நாலு பேருடைய வயலில் இறங்கி ஏறியிருப்பார். எந்த வரம்பில் பிடித்தது எண்டு அவர் எப்படிக் காட்டுவார்? யாரை முதலாளி எண்டு எழுதுவார்?

சிறுநீரக நோயின் கதையும் இப்படித்தான். 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோயின் பெயரிலேயே "காரணம் அறியப்படாத" எண்டு இருக்கு. காரணம் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்: தண்ணீரா, கிருமிநாசினியா, வெயிலா, எல்லாம் சேர்ந்தா? வாதாடட்டும். ஆனால் நிக்கரகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இதேபோல் சிறுநீரகம் பழுதானபோது, முழுப் பதிலும் வரட்டும் எண்டு பார்த்திருக்காமல் நிழல், தண்ணீர், ஓய்வு எண்டு வேலை நேரத்தையே மாற்றிப் பார்த்தார்கள். பாதிப்பு குறைந்ததை ஆய்வுகள் பதிந்தன. ஹிங்குராணையில் கரும்பு வெட்டுகிறவருக்கும் சாகாமத்தில் களை பிடுங்குகிற பெண்ணுக்கும் நிழலும் தண்ணீரும் கொடுக்க எந்த ஆய்வு முடியவேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை. நம்முடைய காக்காமார் வேலைக்குப் போகிற கட்டார், 2021இல் இருந்து ஜூன் முதலாம் திகதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை காலை 10 மணிக்கும் பின்னேரம் 3.30க்கும் இடையில் வெளிவேலை செய்யக்கூடாது எண்டு சட்டம் போட்டிருக்கு. அங்கேயும் கணக்குச் சுத்தமில்லை. இளம் பொடியன்கள் வெயிலில் செத்து, "இயற்கை மரணம்", "மாரடைப்பு" எண்டு சான்றிதழோடு பெட்டியில் வந்த கதை நம் ஊர்களுக்குத் தெரியும். 2009 முதல் 2017 வரை அங்கே இதயநோயால் இறந்ததாகச் சொல்லப்பட்ட 571 நேபாளத் தொழிலாளரில் 200 பேர் வரை காப்பாற்றப்பட்டிருக்கலாம் எண்டு 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனாலும் அங்கே வெயில் ஒரு வேலை ஆபத்து எண்டு தாளிலாவது இருக்கு. நம் வயலில் வெயில், வெயில்தான்.

ராக்காவலையும் சொல்லிவிடுகிறோம். யானைக்குப் பயந்து பரணில் கிடக்கிறவரை யானை அடித்தால் அது வனசீவராசிகள் திணைக்களத்துக் கணக்கு. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக் கணக்கு. அந்தக் கணக்கும் முழுசில்லை: 2012-13இல் நாடு முழுக்க வீடு வீடாய்ப் போய்க் கேட்டபோது வருசத்துக்கு ஏறத்தாழ 80,000 கடி, 400க்கு மேல் மரணம் எண்டு வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவைவிட மிகக் கூட. தேடிப்போனால்தான் கிடைக்கும். யானை அடித்ததும் பாம்பு கடித்ததும் வேலை நேரத்தில் எண்டு எழுத மட்டும் ஒரு கந்தோரும் இல்லை.

நாமும் இதுக்கு உடந்தை. ஒருவர் போய்விட்டால் நம்மில் ஒரு பக்கம் "கத்ர்" எண்ணும், மற்றப் பக்கம் "தலையெழுத்து" எண்ணும். ஜனாசாவும் முடியும், எட்டும் முடியும், கதையும் முடியும். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் எண்டு மதரசாவில் படித்தவர்களே, கையுறை இல்லாமல் மருந்தடிக்க ஆள் அனுப்புகிறார்கள்.

தொழிற்சாலைக்கு வெளியே நிற்கிற எல்லா வேலைக்கும் பொருந்துகிற பாதுகாப்புச் சட்டம் வரவேண்டும். அது கொழும்பில் நடக்கவேண்டியது, எப்ப நடக்குமோ. எலிக்காய்ச்சல் படிவத்தில் கேட்கப்படுகிற தொழில் விபரத்தைத் தொழில் திணைக்களமும் எடுத்துப் பார்க்கவேண்டும். அதுக்குப் புதுச் சட்டமும் வேணாம், பெரிய காசும் வேணாம்.

ஊரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. போகம் தொடங்கமுதல் விவசாயக் கூட்டம் வைப்பார்கள். குளத்துத் தண்ணீர் எப்ப திறப்பது, எந்த நெல் விதைப்பது, மாட்டை எப்ப அப்புறப்படுத்துவது எண்டு எல்லாம் முடிவாகும். மாட்டுக்கு ஒரு திகதி இருக்கு, கூலியாளுக்குக் கதிரைகூட இல்லை. வருகிற பெரும்போகக் கூட்டத்தில் நாங்கள் எழும்பிக் கேட்பதாய் இருக்கிறோம், உங்கள் ஊரில் நீங்களும் கேளுங்கள்: போன போகத்தில் இந்த வட்டையில் யார் விழுந்தது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, படுத்திருந்த நாளுக்குக் கூலி யார் கொடுத்தது? வரும் பதிலை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவோம். கொப்பி நாங்கள் கொண்டுவாறோம்.