கொம்புத்தேனும் நான்கு சக்கரமும்

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையை உவமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவது தமிழாசிரியர்களாகிய நமக்குப் பழகிப்போன ஒன்று. நாமும் பல்லாண்டு அப்படித்தான் சொல்லிவந்தோம். இப்போது சொல்லக் கூசுகிறது.

எங்களிடம் பயின்ற மாணவர் ஒருவர், இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் சூம்பியவர், அரசு வழங்கிய இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறார். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டியோட்டும் நேர்த்தி நமக்கு வராது. சென்ற விடுமுறையில் அவரையும் கூட்டிக்கொண்டு பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம், எந்தப் பூங்காவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். வாயிற்காவலர் பணிவாகவே சொன்னார்: "வண்டி உள்ளே போகக்கூடாது சார். வேணும்னா நாலு பேரா தூக்கிட்டுப் போங்க." மாணவர் சிரித்தார். "நீங்க பாத்துட்டு வாங்கய்யா, நான் இங்கயே நிழல்ல இருக்கேன்" என்றார். நாங்களும் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்து கைப்பேசியில் படம் காட்டினோம். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரை.

காவலர் மீது குற்றமில்லை. பெட்ரோல் வண்டி கூட்டத்திற்குள் புகக்கூடாது என்பது நியாயமே. நம் கேள்வி வேறு: அந்த வண்டியை வாயிலில் நிறுத்தியவருக்கு உள்ளே எது காத்திருக்கிறது? அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் மின்கல ஸ்கூட்டரை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். நடக்க இயலாத முதியவர் நெம்புகோலை விரலால் அழுத்தினால் வண்டி நகரும், விட்டால் நின்றுவிடும். வேகமாக நடப்பவரை முந்துவதற்கான வண்டியன்று அது. மிச்சிகனில் ஆலன் தீம் என்பவர் நோயுற்ற உறவினர் ஒருவருக்காக 1968இல் வடித்த வண்டியின் வழிவந்தது. ராக்கெட் நுட்பம் ஒன்றுமில்லை. நம் ஊர்களில் பேட்டரி ஆட்டோ ஓடுகிறதே.

இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னபோது வந்த விடைகளே நம்மை எழுதத் தூண்டின. ஒருவர், தொன்மையின் அழகு கெடும் என்றார். கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. உலக மரபு என்றால் உலகத்தில் நடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா? கருவறைக்குப் படியேறுவது இருக்கட்டும். ராஜேந்திரன் எடுப்பித்த கோயிலின் புறச்சுவரைச் சுற்றிவந்தாலே ஒரு பிறவிக்குப் போதும். ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றில் 2020 டிசம்பரில் புதிய மின்தூக்கியைத் திறந்தார்கள். உடன் அமைத்த கான்கிரீட் பாதையைப் பற்றிக் கடும் சண்டை நடந்தது, நடக்கட்டும். எப்படி அமைப்பது என்று அங்கே சண்டையிட்டார்கள். நாம் இன்னும் எதற்கு என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் சாத்தனூர்க் கல்மரமோ ஏறிப் பார்க்க வேண்டிய கோபுரம்கூட அன்று. பதினெட்டு மீட்டர் நீளத்திற்குப் படுத்துக் கிடக்கிறது.

இன்னொருவர், அப்படி எத்தனை பேர் வருகிறார்கள் என்றார். வழியே வைக்காமல் வருகையைக் கணக்கெடுக்கும் இந்த அறிவை என்னவென்பது?

மூன்றாமவர்தான் நம்மைச் சீண்டியவர். தோள் கொடுக்கத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று இரட்டைப் புலவர்களை இழுத்து வந்தார். பார்வையற்றவர் நடக்க, நடக்க இயலாதவர் அவர் தோளில் அமர்ந்து வழிகாட்ட, தலந்தோறும் சென்று பாடியவர்கள். உண்மை. ஆனால் நண்பர் ஒன்றை மறந்தார்: அங்கே இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவை. கொடுக்கல் வாங்கல் சமம். நாலு பேர் தூக்கிச் செல்லும் மனிதருக்கோ, ஒரு சிற்பத்தின் முன் இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று சொல்ல வாய் வராது. தூக்குபவர்களின் தோள் வலிக்குமே என்று அவர் "போதும்" என்பார். கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசர் சிற்பத்தின் முன் அரைநாள் நின்றதாகக் கட்டுரை எழுதுகிற நாம், அந்த அரைநாளுக்கு எதன் மீது நின்றோம் என்று நினைத்ததுண்டா?

'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது, நல்ல சொல்தான். கருத்தரங்கும் நடத்தினோம், மாடியில். 1995இல் ஒரு சட்டம், 2016இல் அதைவிட விரிவான சட்டம். பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் திருத்துக என்று பின்னது சொல்லிற்று. 2017இல் விதிகள் வந்தன. கெடு 2022இல் கழிந்தது. அணுகல் விதி கட்டாயமாக இல்லாமல் வெறும் வழிகாட்டுதலாக நிற்கிறது என்று கண்டு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த விதியையே செல்லாது என்றது. இதையெல்லாம் சட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இலக்கியவாதி ஒதுங்கிக்கொள்ள முடியாது. சோழன் புகழை விற்றுப் புத்தகம் போடுகிறவர்கள் நாம்.

மார்கழி விடுமுறையில் மாணவருடன் மீண்டும் கிளம்புகிறோம், இம்முறை கங்கைகொண்ட சோழபுரத்திற்கு. திருச்சியிலோ தஞ்சையிலோ இத்தகைய மின்கல வண்டி நாள் வாடகைக்குக் கிடைக்குமாயின் அறிந்தவர்கள் தெரிவிக்கவும். லாரியில் ஏற்றிவரும் செலவு எங்களுடையது.