ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை

தமிழ்நாட்டில் ஒரு விசித்திரம். 1980-களிலும் 90-களிலும் பிராந்தி, ரம், விஸ்கி விற்ற கடைகளுக்கெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் "ஒயின் ஷாப்" என்று பெயர் வைத்துவிட்டார். போர்டில் "ஒயின்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட ஒயின் வாங்கியிருக்க மாட்டார். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போனது, போர்டுகள் மாறின, பேச்சு வழக்கு மட்டும் மாறவில்லை. மணப்பாறையில் இன்றும் பெரியவர்கள் "ஒயின் ஷாப்புக்குப் பக்கத்துல" என்றுதான் வழி சொல்வார்கள்.

இதனால் நஷ்டம் ஒயினுக்குத்தான். வையம்பட்டியில் நான் "ஒயின்" என்று சொன்னால் கேட்பவர் மனசில் வருவது பஸ் ஸ்டாண்டு ஓரமாக வேட்டி அவிழ்ந்து கிடக்கும் மனிதன். அந்த மனிதனுக்கும் ஒயினுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் வாழ்நாளில் அதைத் தொட்டிருக்கக்கூட மாட்டான்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு எங்கள் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் பற்றித் தெரியும். போஸ்ட்மாஸ்டர் அண்ணன், ரயில்வே கார்டு சார், கூட்டுறவு வங்கியில் இருந்த மாப்பிள்ளை (எனக்கு மாப்பிள்ளை முறை, வயது 69), தலைமையாசிரியர், நான். முன்பு ரம்மி ஆடுவோம். நாலு வருஷமாக அதோடு ஒரு பாட்டில் ஒயினும் சேர்ந்துகொண்டது. ஒரே பாட்டில்தான், 750 மில்லி. விலை 1,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைக்கு 200 ரூபாய். பென்ஷன்காரர்களுக்கு அது கட்டுப்படி ஆகும்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது. நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி. ஒயினில் ஏறக்குறைய 13 சதவீதம். பாட்டிலை ஐந்தாகப் பங்கிட்டால் ஆளுக்கு 150 மில்லி, அதில் ஆல்கஹால் 20 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஆக, தனியாக நின்று பத்து நிமிஷத்தில் ஒருவன் தண்ணீர் கலந்து விழுங்கும் ஒரு குவார்ட்டர், எங்களில் நாலு பேர் இரண்டரை மணி நேரம் வைத்துக் குடிக்கும் ஒயினுக்குச் சமம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனக்கு இந்தப் பழக்கத்தின் வாசனை சிறு வயதிலேயே தெரியும். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, திருச்சிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்தோசீனாவில் சண்டை போட்டவர். ஞாயிறு மதியம் மீன் குழம்பு சாப்பிடும்போது கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல் உயரம் சிவப்பு ஒயின் ஊற்றி, அதே அளவு தண்ணீரும் விட்டுக்கொள்வார். பிறகு தக்கையை அடித்து மூடி உள்ளே வைத்துவிடுவார். அதே பாட்டில் புதன்கிழமைவரை வரும். பிரான்சில் கூலித் தொழிலாளி சாப்பாட்டோடு குடிக்கிற சாதாரண ஒயின் அது. அவர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஒயின் மேசைமேல் இருக்கும், ஊறுகாய் ஜாடி மாதிரி.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒயின் கொடுப்பதைத் தடை செய்ததே 1956-ல்தான். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் முசே இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நமக்கு மோர்கூடக் கிடைக்கவில்லையே என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

நம் நாட்டில் ஒயின் எப்போதும் பெரிய மனிதர் பண்டமாகவே வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட சாடிகள் அவை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைச் சொல்கிறார், அதுவும் பொற்கலத்தில். ஆக, கப்பலில் வந்தது அரசனுக்கு, பனையில் இறங்கியது நமக்கு. வெள்ளைக்காரன் காலத்திலும் அப்படியே. இந்தியத் திராட்சையில் சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற, புளிப்பும் துவர்ப்புமான ஒயின் ஓரளவு நியாய விலையில் கிடைக்கத் தொடங்கியது என் தலைமுறையில்தான். பெங்களூருக்கு வடக்கே நந்திமலை அடிவாரத்தில் குரோவர் குடும்பத்தார் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நட்டார்கள். நாசிக்கில் ராஜீவ் சமந்த் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. ஐரோப்பாவில் செப்டம்பரில் அறுப்பார்கள், நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. நம் வெயிலில் திராட்சைக்கொடி பனிக்காலத் தூக்கம் போடுவதே இல்லை, அதனால் வருஷத்துக்கு இருமுறை கவாத்து செய்து அதை வழிக்குக் கொண்டுவருகிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றித்தான் மேசையில் வைப்போம். வாங்கி வந்தவருக்கு மட்டும்தான் பெயர் தெரியும். அவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. இந்த யோசனை என்னுடையதில்லை. 1976 மே 24-ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு நடுவர்களுக்குப் பெயரை மறைத்து ஒயின்களை ஊற்றிக் கொடுத்தார். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பெற்றது கலிபோர்னியா. பிரெஞ்சு அறிந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் செய்தியில் தனி ருசி உண்டு. லேபிளைப் படித்துவிட்டால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

போன தீபாவளிக்குப் பிறகு மாப்பிள்ளையின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் ஒன்றையும், 700 ரூபாய்க்கு நாங்கள் வாங்கிய நாசிக் ஒயின் ஒன்றையும் பேப்பர் சுற்றி வைத்தோம். அன்று மட்டும் சட்டம் தளர்ந்தது, இரண்டு பாட்டில். ஆனால் ஆளுக்கு அரைக் கோப்பை வீதம்தான் ஊற்றினோம், மிச்சம் மறுவாரத்துக்கு. நோட்டில் மார்க் போட்டோம். நாலு பேர் நாசிக்கைத்தான் மேலே வைத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் முகர்ந்து பார்த்தே மகன் கொண்டுவந்ததைக் கண்டுபிடித்து அதற்கு 10-க்கு 9 போட்டார். அது ஒயினுக்குப் போட்ட மார்க் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கும், பிரெஞ்சில் "சாம்ப்ரே" என்பார்கள். அவர்கள் அறை 17, 18 டிகிரி. வையம்பட்டியில் மே மாத அறை 38. சிவப்பானாலும் அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெள்ளையானால் இரண்டு மணி. கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்காக நின்ற பாட்டிலைத் தொடாதீர்கள், வெந்த பழ வாடை அடிக்கும். வெள்ளை ஒயினில் வருஷம் பார்த்துப் புதியதாக வாங்குங்கள். திருகு மூடியைக் கேவலமாக நினைக்க வேண்டாம், தக்கையைவிட நம் வெயிலுக்கு அதுதான் நல்லது. கால் வைத்த கண்ணாடிக் கோப்பை இல்லாவிட்டால் பரவாயில்லை, எவர்சில்வர் தம்ளர் மட்டும் வேண்டாம்.

காரமான மட்டன் சுக்காவுக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் சேராது. துவர்ப்பும் மிளகாயும் சேர்ந்து தொண்டையை எரிக்கும். காரத்துக்கு லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின் நன்றாக ஒத்துப்போகும். மணப்பாறை முறுக்குக்கும் அதுதான். அந்த உப்பும் ஓமமும் பட்ட நாக்கில் குளிர்ந்த வெள்ளை ஒயின் இறங்கும் சுகத்தை பாரிஸில் யாரும் அனுபவித்திருக்க வழியில்லை.

முதல் ஐந்தாறு மாதம் மொட்டைமாடியில்தான் உட்கார்ந்தோம். ஆண்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் வீட்டு அண்ணி படியேறி வந்து, "திருடனுங்க மாதிரி எதுக்கு மேல ஒக்காந்திருக்கீங்க? குடிக்கிறதுன்னா எறங்கி வந்து எங்க முன்னால குடிங்க. எத்தன கிளாசுன்னு நாங்களும் பாக்குறோம்" என்றார். அன்றிலிருந்து கூடம்தான். சாப்பாடு, பேச்சு, பேரப்பிள்ளைகள் போன் எல்லாம் அங்கேயே. என் மனைவி ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "புளிச்ச தண்ணிக்கா இவ்ளோ பேச்சு?" என்று கேட்டாள். கார்டு சார் வீட்டு அம்மாவுக்கு மட்டும் பிடிக்கும். அவர்கள் பொன்மலை ரயில்வே காலனியில் இருந்தபோது பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் பீங்கான் ஜாடியில் போட்டு, 21 நாள் மரக்கரண்டியால் கிண்டி, கிறிஸ்துமஸுக்கு வடிகட்டிக் கேக்கோடு கொடுப்பார்களாம். அந்த அம்மா அரைக் கோப்பை குடித்துவிட்டு பொன்மலைக் கதைகளை ஆரம்பித்தால் ரம்மி அன்றைக்கு நடக்காது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. எதிர்வீட்டுத் தம்பி நேராகவே கேட்டார்: "ஊரே குடியில நாசமாப் போய்க்கிட்டு இருக்கு. படிச்ச பெரியவங்க நீங்களே இப்படி எழுதுனா எப்படி?" கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். மலிவான மது என்றாலே நம் ஊரில் சாவு ஞாபகம்தான் வரும், வரவும் வேண்டும். ஆனால் அந்த மலிவு வேறு. அந்தத் தொழிலாளி உடம்பு வலி மறக்க, சீக்கிரம் ஏற, பையில் இருக்கிற காசுக்கு எது கிடைக்குமோ அதை வாங்கினான். அவனுக்கு மேசை இல்லை, கூட உட்கார ஆள் இல்லை, சோறுகூட இல்லை. குடியின் அளவைக் காவல் காப்பவை இந்த மூன்றும்தான் என்று நினைக்கிறேன். கடையை மூடச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மனைவி மக்கள் முன்னால் உட்கார்ந்து குடிக்க முடியாத எதையும் குடிக்காதே என்று ஒரு சட்டம் வந்தால் முதல் கையெழுத்து நான் போடுவேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சு 1991-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் உலகமெல்லாம் பரவியது. விற்பனையும் ஏறியது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் எந்த அளவு ஆல்கஹாலும் பத்திரமானது இல்லை என்று சொல்லிவிட்டது. நான் இதை மருந்தாகக் குடிக்கவில்லை, மருந்தென்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ருசிக்காகவும் பேச்சுக்காகவும் மாதம் ஒரு கோப்பை. சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். தலைமையாசிரியர் டாக்டர் சொல்படி போன ஆடியிலிருந்து நிறுத்திவிட்டார். 200 ரூபாய் பங்கை மட்டும் நிறுத்த மறுக்கிறார். அவருக்கு அதே கோப்பையில் பன்னீர் சோடா. பேப்பர் சுற்றிய பாட்டிலை முகர்ந்து பார்த்து மார்க் போடும் உரிமை அவருக்கு இன்னும் உண்டு.

புதுச்சேரியில் விலை குறைவாயிற்றே, அங்கிருந்து கொண்டுவரலாமே என்று கேட்கிறார்கள். எல்லையில் சோதனைச்சாவடி இருக்கிறது. 36 வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன், எழுபது வயதுக்குமேல் கைப்பையைத் திறந்து காட்டி போலீஸ்காரர் முன்னால் நிற்கமாட்டேன். யாராவது கண் பரிசோதனைக்குத் திருச்சி போனால் அப்படியே வாங்கி வருவார்.

எனக்குள்ள ஆசை வேறு. திண்டுக்கல் தாண்டி, தேனி தாண்டிப் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். மெல்லிய தோல், பூ வாசனை, ஒயினுக்கும் ஆகும் திராட்சை. விலை விழுந்தால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்கிறான். கர்நாடகம் 2007-லேயே திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கையும் தனி வாரியமும் வைத்துவிட்டது. மகாராஷ்டிரம் 2022-ல் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க அனுமதிக்கப் பார்த்தது, அன்னா ஹசாரே போன்றவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு, பிஸ்கட் அலமாரிக்குப் பக்கத்தில் ஒயின் வேண்டாம். ஆனால் பிராந்தியோடு ஒரே கம்பி வலைக்குப் பின்னால் நிற்காமல், திராட்சை விவசாயியின் பொருளாக, தனி இடத்தில், பகல் நேரத்தில், வயதைப் பார்த்து விற்கலாமே. நம் கம்பம் திராட்சை ஒயின் எங்கள் மேசைக்கு இன்னும் வந்தபாடில்லை. செய்கிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. போஸ்ட்மாஸ்டர் அண்ணனுக்கு இந்தச் சித்திரையோடு 79 ஆகிறது.