ஒரு வளையலும் ஓர் அட்டையும்



கணிப்பொறியைப் பற்றி இப்பகுதியில் எழுத நேரும் என்று நான் எண்ணியதே இல்லை. கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிற ஒருவனுக்கும் மின் அட்டைகளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். என் வாய்ச்சொல் ஒன்றினால் ஒரு தாயின் கைவளையல் விலைக்குப் போயிற்று. அதுவே தொடர்பு.

ஓரிக்கையில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு குடும்பம். தந்தை சவூதியில் வாகன ஓட்டி. மூத்த மகன் என்னிடம் ஓதியவன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, கணிப்பொறியில் முப்பரிமாணப் படங்கள் அமைக்கும் தொழிலைப் பழகி வருகிறான். வீட்டில் இருப்பதோ உறவினர் ஒருவர் கொடுத்த பழைய இயந்திரம். அதன் மூளையாகிய புராசஸர், இன்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஐ7-2600. "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் போதும், வேலை பறக்கும்" என்று மகன் சொல்ல, தாயார் என் கருத்தைக் கேட்டு அனுப்பினார். கல்விக்குச் செய்யும் செலவு வீண்போகாது, வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எந்த அட்டை, எந்த இயந்திரத்திற்கு என்று ஒரு வார்த்தையும் விசாரித்தேனில்லை.

வளையல் ஒன்று போயிற்று. சென்னை ரிச்சி தெருவிலிருந்து என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது. அந்த அட்டை ஒன்றே 170 வாட் மின்சாரம் கேட்கும். பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது என்று அதுவும் புதிதாக வந்தது. பொருத்தி, விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தான். காஞ்சிபுரத்தில் இருக்கும் நண்பன் வீட்டில் இதே அட்டையில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே விளையாட்டு, இங்கே திக்கித் திணறியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தந்தை தொலைபேசியில் கடிந்துகொண்டார். பையன் அட்டையைக் கழற்றி நண்பன் வீட்டிற்கே எடுத்துச் சென்று பார்த்தான். அங்கே குறையேதும் இல்லை! கடைக்காரர் மீது குற்றமில்லை, அட்டையும் பழுதில்லை. அன்று மாலை கதவுக்குப் பின்னிருந்து அத்தாயார் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்கள் சொன்ன சொல்லை நம்பித்தானே கழற்றிக் கொடுத்தேன்?"

அதன் பிறகே நான் இதைக் கற்றுக்கொள்ள முற்பட்டேன். கற்றவற்றை நம் ஊர்த் தறியை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவர் ஒருவர், கரை நாடாவைக் கவனிக்க உதவிக்கு ஒருவர். நெய்பவரின் கை எத்தனை வேகமாயினும், உதவியாளர் தம் நாடாவை அனுப்பும்வரை அவர் காத்திருந்தே ஆக வேண்டும். சேலை வளர்வது மெதுவான கையின் வேகத்தில்தான். நெய்பவரை மாற்றி அவரினும் வல்லவரைக் கொண்டுவந்து அமர்த்தினாலும் ஒரு அங்குலம் கூடுதலாகக் கிடைக்காது.

கணிப்பொறியிலும் இதே கதைதான். திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்திலும் எவர் எங்கே நிற்கிறார், எது எதன்மீது மோதுகிறது, எதை எங்கே வரைய வேண்டும் என்று கணக்கிட்டு ஆணை எழுதுவது புராசஸர். அந்த ஆணைப்படி வண்ணம் தீட்டுவது கிராஃபிக்ஸ் அட்டை. முன்னாளில் உருவங்களின் வடிவக் கணக்கும் ஒளிக் கணக்கும்கூடப் புராசஸரின் தலையிலேயே இருந்தன. 1999இல் வந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 போன்ற அட்டைகள் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டன. எனினும் ஆணை எழுதும் வேலை இன்றளவும் புராசஸருடையதே.

சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஒரு படத்திற்கான ஆணையை எழுதப் புராசஸருக்கு 20 மில்லிசெகண்டு ஆகிறது. அதைத் தீட்ட அட்டைக்கு 8 மில்லிசெகண்டு போதும் என்று வைத்துக்கொள்வோம். அட்டை தனித்து இயங்க முடியுமானால் நொடிக்கு 125 படங்கள் தரும். நமக்குக் கிடைப்பதோ 50. மீதி நேரமெல்லாம் அட்டை கைகட்டி நிற்கிறது. வளையலின் பாதிக்கு மேல் அந்தக் கைகட்டி நிற்றலுக்குப் போயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்த இடத்தில் "ஐ7 என்றால் உயர்ந்ததாயிற்றே!" என்று பலரும் கேட்பார்கள், பையனும் கேட்டான். பெயரைப் பார்த்து மயங்கும் பழக்கம் நம்மிடம் சற்று அதிகந்தான். 2022இல் வெளிவந்த ஐ3-12100 என்னும் புராசஸருக்கும் இந்த ஐ7-2600க்கும் உள்ளே இருப்பவை நான்கே கோர்கள்தாம், எட்டே இழைகள்தாம். ஆயினும் பெயரில் தாழ்ந்த அந்த ஐ3, பெயரில் உயர்ந்த இந்தப் பழைய ஐ7ஐ வெகு தூரம் பின்தள்ளிவிடும். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட தலைமுறை இடைவெளி அது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டை வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன்னரே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு காசு செலவில்லை. வழக்கமான வேலையையோ விளையாட்டையோ ஓட்டிக்கொண்டே, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஜிபியு என்ற இடத்தில் 95க்கு மேல் நிற்குமானால் அட்டைதான் திணறுகிறது. புதிய அட்டையால் பயனுண்டு. நாற்பது, ஐம்பது என்று சோம்பி நிற்குமானால் பெரும்பாலும் குற்றம் வேறிடத்தில். இங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. புராசஸரின் எட்டு இழைகளில் ஒன்று முழுமூச்சாக உழைத்து, ஏனையவை வாளாவிருந்தால் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவிகிதம் என்றே காட்டும். அதைக் கண்டு புராசஸருக்கு வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இழை இழையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையின் புள்ளிகளைக் குறைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. குறைத்த பிறகும் வேகம் கூடவில்லையெனில் அட்டை தடையன்று.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சாதாரணத் திரையில் 1920க்கு 1080 என 20,73,600 புள்ளிகள். 4கே எனப்படும் திரையிலோ 82,94,400. சரியாக நான்கு மடங்கு. தீட்டும் வேலை நான்கு மடங்காகிறது. ஆணை எழுதும் வேலை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அங்கே விலையுயர்ந்த புராசஸரை வைத்துக்கொண்டு எளிய அட்டையைப் பொருத்துவதுதான் வீண் விரயம்.

ஆக, எந்த வேலைக்கு என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட 'பரம் பொருள்' என்னும் மீக்கணினியைக்கூட ஒரே வார்ப்பில் அமைக்கவில்லை. புராசஸர் மட்டும் உடைய பகுதி, ஜிபியுவும் சேர்ந்த பகுதி, நினைவகம் மிகுந்த பகுதி என்று வேலைக்குத் தக்கவாறு வகுத்திருக்கிறார்கள்.

பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "விளையாட்டை விடு தம்பி, நீ பழகும் வேலையில் இது எப்படி?" அவன் அதுவரை அதைச் சோதித்தே பார்க்கவில்லை! பிளெண்டர் என்னும் மென்பொருளில் தான் அமைத்திருந்த ஒரு மண்டபக் காட்சியை எடுத்து, முதலில் புராசஸரைக் கொண்டு படமாக்கினான். நாற்பது நிமிடங்கள். பின்னர் அதையே அட்டையிடம் ஒப்படைத்தான். நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, படம் வந்துவிட்டது. காட்சி முழுவதையும் ஒருமுறை அட்டையின் நினைவகத்தில் ஏற்றிவிட்டால், அதன் பின்பு புராசஸரை எதிர்பார்த்து நிற்கும் தேவை இவ்வகை வேலையில் மிகக் குறைவு. அந்தத் தாயாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்ற குரல் மட்டும் கேட்டது.

முழு ஆறுதல் என்று சொல்வதற்கில்லை. காட்சியை அமைக்கும்போதும், உருவங்களை அசைத்துப் பார்க்கும்போதும் பழைய திணறல் அப்படியே இருக்கிறது. அது புராசஸரின் வேலை. புராசஸரை மட்டும் மாற்றிவிடவும் இயலாது. ஐ7-2600 அமர்ந்திருக்கும் மதர்போர்டில் புதிய புராசஸர் பொருந்தாது. அதிலுள்ள டிடிஆர்3 ரேம் புதிய போர்டில் பொருந்தாது. மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் கதவுக்குப் பின்னிருந்து, "அப்படியானால் இன்னொரு வளையலைக் கேட்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்றார் அத்தாயார். எனக்கு நாவெழவில்லை. "வேண்டாம் உம்மா, படம் செய்து கொடுத்து நானே சேர்த்துக்கொள்கிறேன்" என்று பையன் குறுக்கிட்டான்.

அந்த மூன்று பொருள்களின் பெயரையும் எண்ணையும் விலையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். இம்முறை அதை நண்பன் வீட்டாரிடமும் இரண்டு கடைகளிலும் காட்டி விசாரித்த பிறகே வாய் திறப்பதாக அவன் தாயாருக்கு வாக்களித்திருக்கிறேன்.