சுழலும் ஜிக்கை மீன் தீண்டாது

"கோடையில் வீசும் ஸ்பின்னிங் ரீலே பனிக்கால மீன்பிடிப்புக்கும் போதும், இன்லைன் ரீல் வீண்செலவு" என்கிறார்கள். மினசோட்டா ஏரிப் பனியில் துளையிட்டு நேர்கீழே தூண்டில் நரம்பு இறக்குபவருக்கு இந்த வாதம் உதவாது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு, ஸ்பூலின் விளிம்பைச் சுற்றி உருவும்போதே முறுக்கேறுகிறது. 2 பவுண்டு நரம்பில் தொங்கும் சிறு ஜிக் (எடையேற்றிய தூண்டில் கொக்கி), அந்த முறுக்கு அவிழ அவிழப் பம்பரமாய்ச் சுழலும். புளூகில் மீன் அருகே வந்து, உற்றுப் பார்த்து, விலகிவிடும். இன்லைன் ரீலில் ஸ்பூலே உருள்வதால் நரம்பு முறுக்கின்றி இறங்குகிறது.

ஆழத்தில் லேக் டிரவுட் பிடிக்க, வேகமாகச் சுற்றும் ஸ்பின்னிங் ரீல்தான் சரி, மறுக்கவில்லை. அதையே புளூகில் தேடுபவரிடமும் திணிப்பது அநியாயம். சுவிவல் என்னும் சுழல் இணைப்பைக் கட்டினால் முறுக்கு போய்விடுமாம்! அத்தனை இலேசான ஜிக்கின் எடைக்குச் சுவிவல் பெரும்பாலும் அசைவதே இல்லை.