முதல் துளிப் பாலும் சிசுவின் கல்லீரலும்

சிரைவழி ஊட்டம் நம் காலத்துச் சிசு வைத்தியத்தின் மகத்தான சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1967-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவின் குழந்தை மருத்துவமனையில், சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் அடைபட்டுப் பிறந்த ஒரு பெண் சிசுவைச் சிரையினுள் செலுத்திய போஷாக்கைக் கொண்டே வில்மோரும் டட்ரிக்கும் வளர்த்துக் காட்டியபோது, அதுவரை பட்டினியால் மடிவதே கதியென்றிருந்த குழந்தைகளுக்கு ஒரு ஜீவமார்க்கம் திறந்தது. ஆயினும் அந்த உபகாரத்தை அபாயமும் பின்தொடர்ந்தது. இவ்வாறு ஊட்டம் பெற்ற குறைமாதச் சிசு ஒன்றின் கல்லீரலில் பித்தம் தேங்கியிருந்த செய்தி 1971-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

காரணங்கள் பல. சோயா எண்ணெய்க் குழம்பிலுள்ள தாவர ஸ்டீரால்கள் பித்தத்தின் ஓட்டத்தைக் குறைக்கின்றன; கதீட்டர் வழியே புகும் கிருமிகள் ஈரலை வருத்துகின்றன; முன்னமே பிறந்த சிசுவின் ஈரலோ இன்னும் பக்குவமடையாதது. இவற்றுள் நாம் அன்றாடம் மாற்றக்கூடிய காரணம், வெறுமையாய்க் கிடக்கும் குடலே. பால் இறங்கும்போதுதான் குடற்சுவரில் கோலிசிஸ்டோகைனின் சுரந்து, பித்தப்பை சுருங்கி, பித்தம் குடலில் பாய்ந்து, பித்த அமிலங்கள் மீண்டும் ஈரலை அடையும் சுழற்சி செவ்வனே நடைபெறுகிறது. பால் இறங்காத நாட்களில் பித்தம் தேங்குவதோடு, குடலின் உட்சுவரும் மெலிந்து போகிறது.

இதை அறிந்தும் நாம் தயங்குவது, குடல் திசு அழியும் அழற்சி நோய்க்கு அஞ்சியே. அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 54 மருத்துவமனைகளில், கருவிலேயே வளர்ச்சி குன்றிய 404 குறைமாதச் சிசுக்களைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியான அடெப்ட் ஆய்வு நமக்குத் தைரியம் தருகிறது. இரண்டாம் நாளில் பால் தொடங்கப்பெற்ற சிசுக்கள் சராசரியாக 18 நாட்களிலும், ஆறாம் நாளில் தொடங்கப்பெற்றவை 21 நாட்களிலும் முழுப் பாலை எட்டின. முந்திய பிரிவில் குடல்நோய் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை, பித்தத் தேக்கக் காமாலையோ குறைந்திருந்தது.

தொடக்கத்தில் வேண்டுவது மிகச் சிறிதளவே. ஒரு கிலோ எடையுள்ள சிசுவுக்கு இரண்டு மணிக்கொரு தடவை ஒரு மில்லி சீம்பால் போதும். தாதி சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுச் சற்று உயர்த்திப் பிடிக்க, அந்தப் பொன்னிறத் துளி தன் பாரத்தாலேயே குழாயில் மெல்ல இறங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இரைப்பையின் கொள்ளளவுக்கு அது அற்பம். குடலுக்கும் ஈரலுக்கும் அது ஓர் அழைப்பு.

குடலடைப்பு, அதிர்ச்சிநிலை போன்ற மெய்யான தடைகள் இருக்குமாயின் காத்திருப்பதே தர்மம். ஏனைய சிசுக்களில், நேர்முகப் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமைக் கடந்து, மலம் வெளிறிய பின் வருந்துவதால் பயனில்லை. ஆகவே சகோதர வைத்தியர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றே: பிறந்து 48 மணி நேரத்துக்குள் பால் தொடங்காவிடில், அதற்கான காரணத்தை அன்றன்றைய குறிப்பேட்டில் எழுதுங்கள், எழுதத் தக்க காரணம் ஏதும் இல்லையெனில், அன்றே பாலைத் தொடங்குங்கள்.